பாட்டு முதலில், படம் அப்புறம்

நாடகக் கொட்டகைகளில் ஆடிப் பாடிப் பிழைக்கும் சகோதரிகள் இருவர் பெயரெடுக்கும் ஆசையோடு நியூயார்க் வந்து சேர்கிறார்கள். 1929இல் எம்.ஜி.எம். வெளியிட்ட ‘தி பிராட்வே மெலடி’யின் கதை இவ்வளவுதான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற முதல் பேசும் படம் இது. ஆனாலும் அந்த விருதைவிட, இதில் வரும் ஒரு பொம்மைக் கல்யாண நடனத்தை எடுத்த விதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்போது ஒலியையும் காட்சியையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். பாடுபவர் பாட, ஆடுபவர்கள் ஆட, கேமரா கண்ணில் படாத ஓரத்தில் மொத்த வாத்தியக் குழுவும் வாசிக்க வேண்டும். ஒருவர் கால் தவறினாலும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கேமராவின் கடகட சத்தம் மைக்கில் விழாமலிருக்க, அதை ஒளிப்பதிவாளரோடு சேர்த்துக் கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டிக்குள் அடைத்தார்கள். காற்றில்லாத அந்தப் பெட்டிக்குள் மனிதர் வெந்துபோவார். கேமராவும் நின்ற இடத்தைவிட்டு நகராது.

இந்த நடனத்தையும் முதலில் அப்படித்தான் எடுத்தார்கள். தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்குக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னார். ஒலிப்பிரிவின் தலைவர் டக்ளஸ் ஷியரர் அப்போது ஒரு யோசனை சொன்னார்: பாட்டு நன்றாகத்தானே பதிவாகியிருக்கிறது, வாத்தியக் குழுவை ஏன் திரும்பக் கூப்பிட வேண்டும்? பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதற்கு ஆடச் சொல்லலாமே. அப்படியே செய்தார்கள். புதிதாக எடுத்த காட்சியைப் பழைய ஒலியோடு சேர்த்தார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தனித்தனியாகப் பதிவான ஒலியும் காட்சியும் எப்படிப் பொருந்தும்? ஃபிலிம் வினாடிக்கு 24 படச்சட்டங்கள் என்ற வேகத்தில் ஓடுகிறது. மூன்று நிமிடப் பாட்டுக்கு 4,320 சட்டங்கள். கேமராவின் வேகம் ஒரே ஒரு சதவீதம் பிசகினால், பாட்டு முடியும்போது 43 சட்டங்கள், அதாவது கிட்டத்தட்ட இரண்டு வினாடி விலகிவிடும். தாளத்துக்கும் காலுக்கும் சம்பந்தமே இருக்காது. இதற்குத் தீர்வு மோட்டாரில் இருந்தது. மாறுதிசை மின்சாரத்தின் அலைவெண்ணோடு பூட்டிக்கொண்டு சுழலும் மோட்டார்கள் உண்டு. ஒலிக்கருவி, கேமரா இரண்டுக்கும் ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகவே ஓடும். மின்சாரம் கொஞ்சம் தடுமாறினாலும் சேர்ந்தே தடுமாறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலி ஒரு வினாடியில் சுமார் 343 மீட்டர்தான் போகும். ஒரு படச்சட்டத்தின் நேரத்தில் அது கடப்பது 14 மீட்டர். பெரிய அரங்கில் ஸ்பீக்கரை ஒரு மூலையில் வைத்தால், மறுமூலையில் ஆடுபவர் ஒன்றிரண்டு சட்டம் பிந்துவார். அதனால் ஸ்பீக்கர் ஆடுபவர்களுக்குப் பக்கத்தில் இருப்பதே நல்லது.

இந்த முறை பரவப் பரவ, பாட்டுக் காட்சிகளில் கேமரா பெட்டியைவிட்டு வெளியே வந்தது. அது போடும் சத்தத்தைப் பற்றி இனி யாருக்கும் கவலையில்லை. ஒரே பாட்டைத் துண்டு துண்டாக, விதவிதமான கோணங்களில் எடுத்து ஒட்ட முடிந்தது. பாடுபவர் அமைதியான அறையில், மைக்குக்கு அருகில் நின்று, மூச்சு வாங்காமல் பாடினார்.

அப்புறம், குரலும் முகமும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது. தமிழில் 1938லேயே ஏ.வி. மெய்யப்ப செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிக் குரல் பயன்பட்டது. பின்னாளில் நம் படப்பிடிப்புகளில் பாட்டை ஒலிக்கவிட்ட கருவி ‘நாக்ரா’ என்ற டேப் ரெக்கார்டர்.

நம் பாடல்களில் கூந்தலும் புடவைத் தலைப்பும் மெதுவாக மிதக்க, உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கணக்குதான். படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். நாயகி அந்த அவசரத்துக்கே வாயசைப்பார். கேமராவும் வினாடிக்கு 48 சட்டங்கள் எடுக்கும். திரையில் அது 24ஆக ஓடும்போது உதடு பாட்டின் இயல்பான வேகத்துக்கு வந்துவிடும். காற்றில் பறந்த தலைப்பு மட்டும் பாதி வேகத்தில் இறங்கும்.