வில்லனின் கால் ஏன் ஒட்டுகிறது?

தூசி தட்டலாமென்று அலமாரியிலிருந்த ஒரு வில்லன் பொம்மையைத் தூக்கினேன். வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கொஞ்சம் இழுத்ததும் ‘சப்’பென்று பெயர்ந்து வந்தது. நின்றிருந்த இடத்தில் எண்ணெய் தடவியது போல இரண்டு பாதத் தடங்கள். தொட்டால் பிசுபிசுவென்று விரலோடு வருகிறது. மேலே யாரும் எதையும் கொட்டவில்லை. அந்தப் பிசுக்கு பொம்மைக்குள்ளேயிருந்து கசிந்தது.

ஆக்‌ஷன் ஃபிகர்களில் (கை கால் அசைகிற கதாபாத்திர பொம்மைகளில்) வளைகிற பாகங்கள், அதாவது அங்கி, பெல்ட், சாட்டை போன்றவை, சில பொம்மைகளில் காலும்கூட, பெரும்பாலும் பிவிசி. பிவிசி தன்னியல்பில் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பானது. அதை இளக்குவதற்காக பிளாஸ்டிசைஸர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைச் சேர்க்கிறார்கள். பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே அது புகுந்துகொண்டு, சங்கிலிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கவிடாமல் வழுக்கச் செய்கிறது. ஆனால் சங்கிலியோடு அதற்கு வேதிப்பிணைப்பு ஏதும் கிடையாது. வாடகைக்குக் குடியிருப்பது மாதிரிதான். வெப்பம் கூடினால் வேகமாகவே வெளியே கிளம்பிவிடும். உடனே ஆவியாக முடியாதது மேற்பரப்பில் தங்கி, தூசியைப் பிடித்து வைக்கும்.

அந்தக் காலத்தில் இதற்கு அதிகம் பயன்பட்டவை தாலேட் வகைகள். குழந்தைகள் பொம்மையை வாயில் வைப்பார்களே என்ற கவலையில், அமெரிக்கா 2008-இல் சில தாலேட்டுகளுக்குப் பொம்மைகளில் 0.1 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. பழைய சேகரிப்புகள் அந்தக் கட்டுப்பாட்டுக்கு முந்தியவை.

சரி, பெட்டியில் போட்டு மூடிவிடலாமா? இங்கேதான் சிக்கல். மூடினால் பிளாஸ்டிசைஸர் வெளியேறுவது குறையும். ஆனால் சிதையத் தொடங்கிய பிவிசி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும்; மூடிய பெட்டியில் அது தேங்கி, சிதைவை இன்னும் முடுக்கிவிடும். பக்கத்திலுள்ள இரும்பு ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும். நான் மூடுவதில்லை. வெளிச்சமில்லாத, சூடில்லாத இடம் பார்த்து வைத்துவிட்டு, பிசுக்கு வந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுகிறேன். திரும்ப வரத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமாக.

பிசுக்கைவிட மோசமானது ஒன்று உண்டு. மென்மையான சாட்டையைக் பாலிஸ்டைரீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் தளத்தின் மேல் சுருட்டி வைத்து மறந்திருந்தேன். எடுத்தபோது அடியில் சாட்டையின் வடிவத்திலேயே ஒரு பள்ளம், சூட்டுக்கோலால் இழுத்த மாதிரி. சாட்டையிலிருந்து கிளம்பிய பிளாஸ்டிசைஸர் பாலிஸ்டைரீனுக்குள் புகுந்து அதை இளக்கியிருக்கிறது. இந்தத் தழும்பை எந்தச் சோப்பும் போக்காது.

நிறத்தின் கதை வேறு. கென்னர் என்ற பொம்மை நிறுவனம் 1978-இல் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் படப் பொம்மைகளில், கறுப்பு உடை வில்லன் டார்த் வேடரும் வெள்ளை உடைச் சிப்பாய் ஸ்டார்ம்ட்ரூப்பரும் ஒரே கட்சி. ஆனால் பழைய சேகரிப்புகளில் வெள்ளைச் சிப்பாய்தான் பல் கறை மாதிரி மஞ்சளடித்து நிற்பான். புறஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் சங்கிலிகளைத் தாக்குகின்றன. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் வகையில் முதல் அடி விழுவது அதிலுள்ள ரப்பர் பகுதிக்கு. அப்போது உருவாகும் புதுப் பொருட்கள் நீல ஒளியை விழுங்கிவிடுவதால், மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. கறுப்பு பிளாஸ்டிக்கில் வழக்கமாகக் கலப்பது கார்பன் பிளாக், கிட்டத்தட்ட புகைக்கரிதான். புறஊதாக் கதிரை மேற்பரப்பிலேயே வாங்கி வெப்பமாக மாற்றிவிடும். வாகன டயரை வெயிலிலிருந்து காப்பதும் இதே கரி. ஆக, வில்லனின் கறுப்பு உடையே அவனுக்கு வெயில் குடை. அப்புறம், லேசாக மஞ்சளடித்திருந்தாலும் கறுப்பில் யாருக்குத் தெரியப்போகிறது?

மஞ்சளை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுப்பவர்கள் உண்டு. நன்றாகவே வெளுக்கும். ஆனால் சிதைந்த சங்கிலி ஒட்டாது, மஞ்சளும் பல சமயம் திரும்பிவிடும். எனக்கு இதில் விருப்பமில்லை.

வளைந்துபோன வாளுக்கு மட்டும் மருந்து சுலபம். சூடான தண்ணீரில் அரை நிமிடம் போட்டால் சங்கிலிகள் இளகும். அச்சில் வார்த்தபோதிருந்த வடிவத்துக்குச் சில வாள்கள் தாமாகவே திரும்பும். நேராக்கியதும் குளிர்ந்த நீரில் முக்கினால் அப்படியே உறைந்துவிடும். சூடாக்காமல் கையால் நிமிர்த்தப் பார்த்தால், கறுப்பு வாளின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு விழும். அது சாயம் போனதல்ல. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் திறந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. அடுத்த முறை வாள் ஒடிவது அந்தக் கோட்டில்தான்.

1982-இல் வந்த வில்லன் கோப்ரா கமாண்டர் போன்ற, ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வரிசைப் பொம்மைகளுக்கு இடுப்பில்தான் கண்டம். உடலையும் காலையும் சேர்த்துப் பிடித்திருப்பது உள்ளேயிருக்கும் ஒரு ரப்பர் வளையம். எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கும் ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் எளிதாக வெட்டும். ஒருநாள் தொடாமலேயே ஆள் இரண்டு துண்டாகிக் கிடப்பான். பதற வேண்டாம். முதுகிலிருக்கும் ஒரே திருகாணியைக் கழற்றி, புது வளையம் போட்டு மூடிவிடலாம். திருகாணி பிடித்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் அரைச் சுற்று முறுக்கினால் முதுகு விரிந்துவிடும்.