சீசனின் கடைசி டூயத்லான்: ஓடலாமா, வேண்டாமா?

பல்கலைக்கழக அணிகளுக்குப் பிசியோதெரபி பார்ப்பது என் வேலை. சீசன் முடியும் வாரங்களில் என்னிடம் வரும் மாணவர்கள் அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இந்த ஒரு டூயத்லான் மட்டும்தான் சார் பாக்கி. முடிச்சிட்டு ரெஸ்ட் எடுத்துக்கறேன்." இவர்களில் பலர் தாராளமாக ஓடலாம். சிலர் ஓடவே கூடாது. யார் எந்தப் பக்கம் என்பதைப் போட்டி நாள் காலையில் தொடக்கக் கோட்டருகே நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது. அந்த நேரத்தில் உடம்பில் பாயும் அட்ரினலின் பாதி வலியை மறைத்துவிடும், மீதியை அணி மேல் உள்ள பாசம் மறைத்துவிடும். பத்து நாள் முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டூயத்லான் என்றால் ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். ஸ்பிரிண்ட் பிரிவில் வழக்கமான தூரம் 5 கி.மீ. ஓட்டம், 20 கி.மீ. சைக்கிள், 2.5 கி.மீ. ஓட்டம். ஸ்டாண்டர்ட் பிரிவில் 10, 40, 5. மாணவர் போட்டிகளில் ஸ்பிரிண்ட் தூரமோ அதை ஒட்டியதோதான் அதிகம். பார்வைக்குச் சின்னப் போட்டி. நீச்சல் இல்லாததால் கிராஸ் கண்ட்ரி ஓடியவர்களும் சைக்கிள் அணியில் இருப்பவர்களும் பெரிய தயாரிப்பு இல்லாமலேயே பெயர் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவரும் கால் ஒரு முழு சீசன் உழைத்த கால். அதோடு தேர்வு, தூக்கமின்மை, நேரத்துக்குச் சாப்பிடாதது எல்லாம் சேர்ந்திருக்கும்.

இந்தப் போட்டியில் எனக்குப் பெரிய கவலை நடுவில் வரும் சைக்கிள்தான். அது வலியை ஒளித்து வைத்துவிடும்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்கு ஏறுகிறது. சைக்கிளில் அந்த அடி கிடையாது. அதனால் கணைக்கால் எலும்பிலோ பாதத்திலோ விரிசலுக்கு முந்தைய நிலையில் காயம் இருப்பவர்கூட சைக்கிளில் ஏறியதும் நிம்மதியாக மிதிப்பார். "சைக்கிள் ஓட்டினா வலிக்கவே இல்ல, அப்போ சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்பார்கள். அப்படி அர்த்தம் இல்லை. எலும்புக் காயம் அப்படித்தான் நடந்துகொள்ளும். பிறகு தொடையும் கெண்டைச்சதையும் களைத்த நிலையில் இரண்டாம் ஓட்டம் தொடங்குகிறது. அடியின் அதிர்வை வாங்கிக்கொள்ள வேண்டிய தசை களைத்திருப்பதால் எலும்பு வளைந்து தாங்க வேண்டிய சுமை கூடுகிறது. கடைசி 2.5 கி.மீ. தூரத்தில் குறைவுதான், ஆனால் எலும்புக்கு அதுதான் மிகக் கடினமான 2.5 கி.மீ.

எலும்பு ஏன் சீசன் கடைசியில் இப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தால் எலும்பில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இயல்பு. உடம்பு அந்த இடத்தை முதலில் கரைத்து எடுக்கும், பிறகு புது எலும்பால் நிரப்பும். கரைப்பதற்குச் சில வாரங்கள் போதும். நிரப்பி இறுகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இடையில் அந்த இடம் பலவீனமாகவே இருக்கும். வாரம் தவறாமல் போட்டி, நடுவில் பயிற்சி என்று போனால் கரைப்பது முந்திக்கொள்ளும், நிரப்புவது பின்தங்கிவிடும். முதலில் வருவது வெறும் வீக்கமும் வலியும். நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடும். நிறுத்தாவிட்டால் எலும்பில் விரிசல் கோடு விழும்.

ஒரு மாணவனின் கதையைச் சொல்கிறேன். கணைக்காலில் வலி என்று வந்தான். எங்கே என்று காட்டச் சொன்னபோது ஒரே ஒரு விரல் நுனியை வைத்தான், கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே. இது எனக்கு முக்கியமான தகவல். கணைக்கால் முழுக்க, உள்ளங்கை அகலத்துக்கு வலிக்கிறது என்று தடவிக் காட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் எலும்பின் மேலுறையும் தசையும் உரசும் தொல்லையாக இருக்கும். அது ஓடத் தொடங்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் குறையும். விரல் நுனியில் காட்டும் வலி வேறு. அது ஓட ஓடக் கூடும். முற்றிய பிறகு நடந்தாலே வலிக்கும், இரவில் படுத்தாலும் குத்தும். அவனை அந்த ஒரு காலில் நின்று தாவச் சொன்னேன். முதல் தாவலிலேயே மற்றக் காலை ஊன்றிவிட்டான். அதற்கு முன்பே ஓர் எக்ஸ்ரே எடுத்து, "ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க சார்" என்று தைரியமாகத்தான் வந்திருந்தான். இந்தக் காயத்துக்குத் தொடக்க வாரங்களில் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரிவது மிகச் சாதாரணம். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்பு மஜ்ஜையில் நீர்கோத்திருந்தது தெரிந்தது. டூயத்லான் போயிற்று. ஆனால் கோடு விழுவதற்கு முன் பிடித்துவிட்டதால் வாரக்கணக்கில் மீண்டுவிட்டான்.

எல்லா எலும்பும் ஒரே மாதிரி மன்னிக்காது. சில இடங்களில் வலி என்றால் நான் பேரமே பேசுவதில்லை. தொடை இடுக்கில், அதாவது இடுப்பு மூட்டுக்கு முன்னால் ஆழமாக வலித்து, ஒரு காலில் தாவினால் அங்கேயே குத்துகிறது என்றால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். அது முறிந்து விலகினால் எலும்பின் தலைப்பகுதிக்குப் போகும் இரத்த ஓட்டமே பாதிக்கப்படலாம். பாதத்தின் மேற்புறம், கணுக்காலுக்குச் சற்று முன்னால் அழுத்தினால் வலிக்கும் நாவிகுலர் எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து ஐந்தாம் பாத எலும்பின் அடிப்பகுதி, கணைக்கால் எலும்பின் முன்புற நடுப்பகுதி ஆகியவையும் இதே வகை. இரத்த ஓட்டம் குறைவு அல்லது இழுவிசை அதிகம் என்பதால் ஆறத் தாமதமாகும், சில சமயம் அறுவை சிகிச்சை வரை போகும். இந்த இடங்களில் வலியோடு எந்த மாணவரும் தொடக்கக் கோட்டுக்குப் போகக் கூடாது. ஊன்றுகோலோடு நடந்து போய் மருத்துவரைப் பார்க்க வேண்டிய வலி இது.

ஆக, போட்டிக்குப் பத்து நாள் முன் வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடியது இவ்வளவுதான். வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள்: ஒரு புள்ளியா, பரவலா? நடக்கும்போது வலி இல்லை என்றால் மட்டும், வெறுங்காலில் சமதரையில் ஒற்றைக் காலில் மெதுவாகச் சில தடவை தாவுங்கள். புள்ளியில் வலித்தாலோ தாவ முடியாவிட்டாலோ அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்தால் பயனில்லை. போட்டி காலையில் இப்யூபுரூஃபன் போட்டு ஓடும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். வலியை மறைப்பது ஒருபுறம். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

எலும்பு திரும்பத் திரும்பக் காயப்படும் மாணவர்களிடம் நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பேன். கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். செலவழிக்கும் சக்திக்கு ஈடாக உணவு உள்ளே போகாதபோது உடம்பு தன் செலவைக் குறைக்கத் தொடங்கும். இனப்பெருக்க ஹார்மோன்கள், எலும்பு கட்டுவது, நோய் எதிர்ப்பு எல்லாம் அந்த வெட்டில் அடிபடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயரிட்டது. மாணவிகளுக்கு மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போவதும், இடைவெளி தாறுமாறாக நீள்வதும் தெளிவான அடையாளம். "பயிற்சி கடுமையா இருந்தா அப்படித்தான்" என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பது தவறு. அது தகுதியின் அடையாளமல்ல, எலும்பு கரைவதற்கான எச்சரிக்கை. ஆண் மாணவர்களுக்கும் இது வரும். காலையில் ஆணுறுப்பு விறைப்பது நின்றுபோவது, பாலியல் ஆசை குறைவது, அடிக்கடி சளி, எரிச்சல், தூக்கம் கெடுவது. ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. அதனால்தான் நானே கேட்டுவிடுகிறேன்.

அடுத்தது காய்ச்சல். சீசன் கடைசியும் தேர்வும் சேர்ந்து வரும்போது விடுதி முழுக்கச் சளி சுற்றும். மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்று கழுத்துக்கு மேலேயே நின்றால் இலேசான பயிற்சி செய்யலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி, மூச்சு வாங்குவது, படபடப்பு இருந்தால் போட்டி கிடையாது. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. வைரஸ் சில நேரம் இதயத் தசையையே வீங்க வைக்கும். அந்த நிலையில் கடுமையாக ஓடினால் இதயத்துடிப்பு குழம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். இதயத் தசை வீக்கம் உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் போட்டி விளையாட்டு கூடாது என்பதுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரு டூயத்லானுக்காக அந்தப் பக்கம் போகாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்த அனுபவம் இருந்தாலும், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலும், போட்டிக்கு முன் இதயப் பரிசோதனை கட்டாயம்.

சளி மருந்து விஷயத்தில் இன்னொன்று. மூக்கடைப்புக்குக் கொடுக்கும் பல மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறது. சிறுநீரில் அது மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்து விதிமீறல். அட்டையின் பின்புறத்தைப் படித்துவிட்டு விழுங்குங்கள்.

சரி, எலும்பு நன்றாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, ஓடலாம் என்று முடிவாகிவிட்டது. அப்படியானால் கடைசிப் பத்து நாளில் என்ன செய்வது? புதிதாக எதையும் சம்பாதிக்க முடியாது. இருப்பதை வெளியே கொண்டுவரலாம். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பயிற்சியின் அளவை ஏறத்தாழ பாதியாகக் குறைத்து, வேகத்தைக் குறைக்காமல் வைத்திருப்பதுதான் நன்றாக வேலை செய்கிறது. தவறவிட்ட பயிற்சியையெல்லாம் கடைசி வாரத்தில் சேர்த்துச் செய்பவர்கள்தான் என்னிடம் வந்து நிற்பார்கள். சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடும் பயிற்சியை இதுவரை செய்யாதவர்கள் அதை ஒன்றிரண்டு முறை, பத்து நிமிட ஓட்டமாக மட்டும் செய்து பாருங்கள். இறங்கியதும் கால் தன் கால் மாதிரியே இருக்காது. இடுப்பின் முன்பக்கத் தசைகள் சுருங்கியிருக்கும், அடி நீளம் குறையும். அதை முதன்முதலாகப் போட்டியில் சந்திக்கிறவர்கள் பதறிப்போய் அடியை நீட்டி வைப்பார்கள், கெண்டைச்சதை பிடித்துக்கொள்ளும். முதல் சில நிமிடம் சின்னச் சின்ன அடியாக, வேகமாகக் காலை மாற்றி வைத்தால் போதும். நீளம் தானாக வரும்.

முதல் ஓட்டத்தில்தான் பெரும்பாலோர் போட்டியைத் தொலைக்கிறார்கள். கூட்டத்தோடு பாய்ந்துவிடுவது. நான் என் மாணவர்களுக்குச் சொல்வது: தனியாக 5 கி.மீ. ஓடும்போது உங்களுக்கு வரும் வேகத்தைவிட கிலோமீட்டருக்கு 5 முதல் 10 விநாடி மெதுவாக ஓடுங்கள். அந்த விநாடிகள் சைக்கிளிலும் இரண்டாம் ஓட்டத்திலும் வட்டியோடு திரும்ப வரும்.

சைக்கிள் வைக்கும் இடத்தில் களைப்பில் தலை சுற்றும். ஹெல்மெட்டின் கொக்கியை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும், திரும்பி வந்து சைக்கிளைத் தாங்கியில் மாட்டிய பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். தண்டனைக்காக மட்டுமல்ல, தலைக்காகவும்தான் அந்த விதி.

வெயிலில் ஓட வேண்டியிருந்தால் ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசி, விழுந்தால் அது வெறும் களைப்பு அல்ல. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்வை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குங்கள். தொட்டி இல்லையென்றால் குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றி, ஈரத்துணி போட்டு விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது. முதல் அரை மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. போட்டிக்கு அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் கருப்புக் காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை உடைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள்.

கடைசியாகப் பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் வலியை மறைப்பது பெரும்பாலும் உங்களுக்காகத்தான். தான் விலகினால் அணிப் புள்ளி போய்விடும் என்ற பயம். மாற்று வீரரின் பெயரை முதலிலேயே பதிவு செய்து வையுங்கள், அதை அணி முழுவதற்கும் தெரியும்படி சொல்லிவிடுங்கள். போட்டிக்குப் பத்து நாள் முன் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் காதில் விழாத இடத்தில், "எங்காவது விரல் வைத்துக் காட்டும் வலி இருக்கா? தூக்கம் எப்படி? காய்ச்சல் வந்துச்சா?" என்று கேளுங்கள். "இருக்கு" என்று சொல்பவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த சீசன் முதல் வாரப் பயிற்சித் திட்டத்தில் அவர் பெயரை அப்போதே எழுதிவிடுங்கள்.