பாறை உடைக்கப் போகிறவர்களுக்கு: வாரிய அட்டை, ஏ.ஆர். காப்பி, இழப்பீடு

ஒடுகத்தூர் பக்கம் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். நாலடி போவதற்குள் பாறை வந்துவிட்டது. நம்ம வேலூர் மண்ணில் இது புதுசு இல்லை. மூன்று பக்கமும் வீடுகள் இருந்ததால் வெடி வைக்க வழியில்லை. டிராக்டர் கம்ப்ரசரைக் கொண்டுவந்து குழி போட்டு, பாறையைப் பிளக்கிற கெமிக்கலை ஊற்றினார்கள். சித்திரை மாதம், உச்சி வெயில். ஊற்றியவர் அரை மணி நேரம் கழித்து, பிடித்துவிட்டதா பார்க்கலாம் என்று குழிக்கு மேலே குனிந்திருக்கிறார். உள்ளே கொதித்துக்கொண்டிருந்த கலவை அப்படியே முகத்தில் பீச்சியடித்தது. ஒரு கண் பார்வை போய்விட்டது, வயது நாற்பது.

ஆஸ்பத்திரி வாசலில் மேஸ்திரி சொன்னதாக அவர் சொன்னது இது: "வேலைல ஆச்சுன்னு சொல்லாதப்பா, போலீஸ் கேஸ் ஆயிடும். வூட்ல சுண்ணாம்பு கலக்கும்போது தெறிச்சிதுன்னு சொல்லு, செலவ நான் பாத்துக்கறேன்." அவரும் அப்படியே சொன்னார், டாக்டரும் அப்படியே எழுதினார். மேஸ்திரி இருபதாயிரம் கொடுத்துவிட்டுப் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். எட்டு மாதம் கழித்து அந்தக் காகிதங்களோடு என்னிடம் வந்தார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தது, ஆனால் காலாவதியாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் "வீட்டில் நேர்ந்தது" என்று இருந்தது. இந்த இரண்டுக்காகவும் நாங்கள் ஏறி இறங்கிய படிகளுக்குக் கணக்கே இல்லை, அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது, அதன் கீழ் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் அமைந்தது. 18 வயது முடிந்து 60 வயதுக்குள் இருப்பவர்கள் சேரலாம். கல் உடைப்பவர், கிணறு வெட்டுபவர், சம்மட்டி ஆள், பாறை உடைப்பவர், குவாரித் தொழிலாளி எல்லோருமே பட்டியலில் இருக்கிறார்கள். வாரியத்துக்குப் பணம் வருவது கட்டடச் செலவில் வசூலிக்கும் 1 சதவீத நல வரியிலிருந்து. அதாவது பிளான் அப்ரூவலுக்குப் பணம் கட்டும்போதே உங்கள் பேரில் எடுத்துவிடுகிறார்கள், யாரும் உங்களுக்குத் தர்மம் போடவில்லை. கவுண்டரில் நிற்கும்போது இது மனதில் இருந்தால் குரல் கொஞ்சம் நிமிர்ந்து வரும்.

சரி, ஆட்கள் எங்கெங்கே வழுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்போம்.

"என்கிட்ட கார்டு இருக்குங்க" என்று எடுத்து நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பது இ-ஷ்ரம் அட்டை. அது 2021-இல் மத்திய அரசு தொடங்கிய பதிவு, 12 இலக்க எண் இருக்கும். அது வாரிய அட்டை கிடையாது. அதை வைத்துக்கொண்டு பிள்ளையின் படிப்பு உதவித்தொகையோ கல்யாண உதவியோ இந்த வாரியத்தில் வாங்க முடியாது. கணினி மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் "லேபர் கார்டு போட்டாச்சு" என்று சொல்லி நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு இதைத்தான் அடித்துக் கொடுத்திருப்பான். அட்டையின் மேலே "தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம்" என்று இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். வாரியப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆயிரம், ஆயிரத்தைநூறு கேட்கிறவர்கள் தரகர்கள், அவர்கள் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் சரி.

அடுத்தது தொழில் பெயர். விண்ணப்பத்தில் அவசரத்துக்குச் "சித்தாள்" என்றோ "கூலி" என்றோ போட்டுவிடுவார்கள். அதிலும் அட்டை வரும், படிப்பு உதவி வரும், ஒன்றும் தெரியாது. நாளைக்கு நுரையீரலில் கல்தூசி நோய் என்று வரும்போதுதான், நீங்கள் பாறை உடைத்தவர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். பிரேக்கர் பிடிப்பவர், கம்ப்ரசரில் குழி போடுபவர், உளியும் ஆப்பும் வைத்துப் பிளப்பவர், கெமிக்கல் ஊற்றுபவர் எல்லோரும் பாறை உடைப்பவர், கல் உடைப்பவர் என்றே பதியச் சொல்லுங்கள். "எல்லாம் ஒண்ணுதான், எதுனா ஒண்ணு போடுங்க" என்று விட்டுவிடாதீர்கள்.

புதுப்பித்தல் 5 வருடத்துக்கு ஒருமுறை. தேதி முடியப்போவதை யாராவது போன் செய்து சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். அட்டையின் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள், முடிகிற தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வேலையை ஆரம்பியுங்கள், ஏனென்றால் சர்வர் கிடைக்காது, கிடைத்தால் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. வந்தால் அது நீங்கள் நாலு வருஷத்துக்கு முன்னால் தூக்கிப்போட்ட சிம்முக்கு வரும். போன் நம்பரை மாற்றினால் ஆதாரிலும் வாரியப் பதிவிலும் அதே வாரம் மாற்றிவிடுங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பேங்க் புத்தகத்தில் பின்னால், ரேஷன் கார்டில் இனிஷியலே இல்லை என்பதற்காக ஒரு விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆள் ஒருவர்தான் என்பது எதிரில் உட்கார்ந்திருந்த அலுவலருக்கும் தெரியும், ஆனாலும் திருப்பினார்.

அப்புறம் நம்ம பழைய வட ஆற்காட்டுக்கே உரிய தலைவலி ஒன்று. 2019-இல் வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களை உண்டாக்கினார்கள். அதற்கு முன்னால் பதிந்த ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களின் பழைய பதிவு வேலூரில் இருந்திருக்கும். இங்கே போனால் "உங்க மாவட்டத்துக்குப் போங்க" என்பார்கள், அங்கே போனால் "ஃபைல் வேலூர்ல இருக்கும்" என்பார்கள். இந்தப் பந்தாட்டத்துக்கு என் வைத்தியம் ஒன்றே: இப்போது வசிக்கும் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், பழைய பதிவு எண்ணை எழுதி அட்டையின் நகலை இணையுங்கள், மனு பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே அனுப்பிவிடுவார்கள். எழுதிக் கொடுத்தால் அந்த அலுவலகங்கள் இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

இனி விபத்து. இதை வீட்டில் பெண்களும் படிக்க வேண்டும், ஏனென்றால் அடிபட்டவருக்கு அந்த நேரத்தில் பேச முடியாது. ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டியில் இறக்கியதும் ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள், அந்த விபத்துப் பதிவேட்டைத்தான் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) ஏ.ஆர். என்கிறோம். "எப்படி ஆச்சு, எங்கே ஆச்சு" என்று கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள்: இன்ன ஊரில், இன்னாரிடம் பாறை உடைக்கும் வேலையில், இத்தனை மணிக்கு. அந்த ஒரு வரிதான் பிற்பாடு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேஸ்திரி பயமுறுத்துகிற அந்தப் போலீஸ் பதிவு உங்களுக்கு எதிரி இல்லை, உங்களுடைய சாட்சி. பணியிடத்தில் இறந்துவிட்டால் போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் கெஞ்சுவார்கள், துக்கத்தில் அது நியாயம்தான், ஆனால் அது இல்லாமல் "மாரடைப்பு" என்று எழுதி முடித்துவிட்டால் பிறகு மனைவி பிள்ளைகளுக்கு எழுந்து நிற்க ஓர் ஆதாரமும் இருக்காது. இன்னொன்று, பணியிட விபத்து மரணத்துக்கு வாரியத்தில் பதியாத கட்டுமானத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் உதவித்தொகை உண்டு. "கார்டு இல்ல, ஒண்ணும் கெடைக்காது" என்று கவுண்டரில் சொன்னால் நம்பி வந்துவிடாதீர்கள்.

பெரிய ஏமாற்று நடப்பது அடுத்த இடத்தில். வாரியம் தருவது வேறு, முதலாளி தரவேண்டிய இழப்பீடு வேறு, இரண்டும் உங்களுக்கு உண்டு. "வாரியத்துல வாங்கித் தர்றேன், எனக்கு எதிரா எதுவும் பண்ண மாட்டேன்னு கையெழுத்துப் போடு" என்று பச்சைத் தாளை நீட்டுவார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே சொல்கிறது. இப்போது அதை 2020-ஆம் வருடச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்த்திருக்கிறார்கள், பிரிவு எண்கள் மாறும், சாரம் இதுதான். மரணம் என்றால் இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் முதலாளி கட்ட வேண்டும். சாவு வீட்டில் கவரில் வைத்துக் கொடுத்ததெல்லாம் கணக்கு தீர்த்ததாக ஆகாது.

எவ்வளவு என்று தெரியாததால்தான் இருபதாயிரத்துக்கு மடங்கிவிடுகிறோம், ஆகவே கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மாதக் கூலி எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். சட்டத்தின் அட்டவணையில் வயதுக்கு ஒரு பெருக்கு எண் இருக்கிறது, நாற்பது வயதுக்கு அது 184.17. மரணத்துக்குக் கூலியில் பாதி, அதாவது 7,500 பெருக்கல் 184.17, கிட்டத்தட்ட 13 லட்சத்து 81 ஆயிரம். முழு ஊனத்துக்குக் கூலியில் 60 சதவீதம், 9,000 பெருக்கல் 184.17, ஏறக்குறைய 16 லட்சத்து 57 ஆயிரம். ஒரு கண் பார்வை போய் மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீத இழப்பு என்று அட்டவணையில் இருக்கிறது, அப்படியானால் 4 லட்சத்து 97 ஆயிரம். ஒடுகத்தூர்க்காரருக்கு நேர்ந்தது இதுதான். அவர் வாங்கியது இருபதாயிரம்.

இழப்பீடு கேட்க 2 வருட அவகாசம் உண்டு, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். பெங்களூருக்குப் போய்ப் பழைய கட்டடம் உடைக்கிற வேலையில் அடிபட்டவர்கள் குடியாத்தத்திலும் பேர்ணாம்பட்டிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேஸ் போடப் பெங்களூர் போக வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கிற ஊருக்கு உரிய ஆணையரிடமே மனு போடலாம். அந்த முதலாளியிடம் வேலை செய்த ஆள்தான் என்று நிரூபிக்க, போனில் வந்த கூலிப் பணத்தின் பதிவு, வேலையிடத்து முகவரியை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர், இதெல்லாம் போதுமான தொடக்கம். போன் உடைந்தாலும் தொலைந்தாலும் போய்விடும், அதனால் பிரிண்ட் எடுத்து வீட்டில் வையுங்கள்.

மெல்லக் கொல்கிற விபத்து தூசி. கருங்கல்லிலும் கான்கிரீட்டிலும் சிலிக்கா இருக்கிறது, குழி போடும்போது பவுடராகப் பறப்பது அதுதான். மூக்கில் துண்டு கட்டினால் நிற்காது. சிலிகோசிஸ் என்கிற அந்தக் கல்தூசி நோய் வந்தால் குணமாகாது, காசநோயும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். பத்து வருஷம் பிரேக்கர் பிடித்தவர் இருமிக்கொண்டு போனால் டி.பி. மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள், தொழில் என்ன என்று கேட்டிருக்க மாட்டார்கள். நீங்களாகவே "கல் உடைக்கிற வேலை, இத்தனை வருஷம்" என்று சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் இருக்கிறது. அதைக் கேட்கப் போகும்போது பழைய சீட்டில் இருக்கும் அந்த வரிக்கு மதிப்பு தெரியும்.

காகிதமெல்லாம் நாம் அடிபட்டு விழுந்த பிறகுதான் உதவும், விழாமல் இருக்க வேலையிடத்தில் சில விஷயம். கெமிக்கல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் சுட்ட சுண்ணாம்பு வகைப் பவுடர், தண்ணீர் பட்டால் சூடாகி உப்பும், அந்த உப்பலில்தான் பாறை விரிசல் விடுகிறது. 5 கிலோவுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் குளிர்ந்த தண்ணீர், கலந்த சில நிமிடத்தில் ஊற்றிவிட வேண்டும். வெயில் காலத்துக்கு ஒரு ரகம், குளிர் காலத்துக்கு ஒரு ரகம் என்று வரும். குளிர்கால ரகத்தை நம்ம ஊர் 40 டிகிரியில் ஊற்றினால் குழியிலிருந்து எகிறி அடிக்கும். மேஸ்திரி மலிவாகக் கிடைத்தது என்று கொண்டுவந்த பையில் வெப்பநிலை என்ன போட்டிருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள், கோடையில் சாயங்காலம் ஊற்றுங்கள், கோணியால் மூடுங்கள், ஊற்றிய பிறகு குழிமேல் குனியவே கூடாது. மிச்சக் கலவையைப் பாட்டிலில் அடைத்து வைக்கக் கூடாது. கண்ணாடி இல்லாமல் கிட்டப் போகாதீர்கள், கண்ணில் பட்டால் தேய்க்காமல் இருபது நிமிடமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஓடுங்கள். குழி போடும்போது தண்ணீர் விட்டுப் போட்டால் தூசி பாதி அடங்கிவிடும்.

வெடி இல்லையென்றால் அனுமதியே வேண்டாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வெடிமருந்து உரிமம் வேண்டாம் என்பது சரிதான், ஆனால் உடைத்த கல்லை லாரியில் வெளியே கொண்டுபோக நடைச்சீட்டு என்கிற அனுமதிச் சீட்டு வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் முதலாளி போனை அணைத்துவிடுவார், வண்டியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் ஸ்டேஷனில் உட்காருவீர்கள்.

ஒடுகத்தூர்க்காரரின் அட்டையைப் புதுப்பித்தாயிற்று. இழப்பீட்டு மனுவை 2 வருடம் முடிவதற்குள் போட்டுவிட்டோம். "வீட்டில் நேர்ந்தது" என்ற வரிக்கு எதிராக, அன்றைக்குக் கம்ப்ரசர் ஓட்டிய பையன் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறான். மனு எண்ணும் பெற்ற தேதியும் இருக்கும் அந்த முத்திரைத் தாளை அவர் மனைவி மூன்று நகல் எடுத்து, ஒன்றை என் வீட்டிலும் கொடுத்து வைத்திருக்கிறார்.