‘வித்தியாசமே பார்ப்பதில்லை’ என்கிற டாக்டர்களுக்கு

அடிவயிற்று வலியோடு வந்த திருநம்பியை (பெண் என்று பிறப்பில் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவரை) ‘ஆண் வார்டா, பெண் வார்டா’ என்று ஓ.பி. சீட்டு போடுகிற இடத்திலேயே நிற்க வைத்து, கடைசியில் கேஸ் மாத்திரை எழுதி அனுப்புகிறார்கள். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. மதுரையில் இன்னும் எத்தனை தடவைதான் இதைக் கேட்பது?

திருநர், தன்பாலீர்ப்பாளர் நோயாளிகளைக் கவனிப்பது பற்றிய பயிற்சி வகுப்புக்கு வரும் டாக்டர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் சொல்வது: “நாங்க வித்தியாசமே பாக்குறதில்ல.” ஐயா, பார்க்க வேண்டும்! திருநம்பிகள் எடுக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து அல்ல. மாதவிடாய் நின்றிருந்தாலும், கர்ப்பப்பையும் சினைப்பையும் இருக்கிறவருக்குக் கரு தரிக்கலாம். அது கருக்குழாயிலும் தங்கலாம். கர்ப்பப்பை வாய் இருக்கும்வரை புற்றுநோய்ப் பரிசோதனையும் வேண்டும். அந்தப் பரிசோதனைக்காக எடுக்கும் பாப் ஸ்மியரை லேப்புக்கு அனுப்பும் தாளில் ‘டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறார்’ என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால், மெலிந்த செல்களைப் பார்த்து லேப்பில் குழம்புவார்கள். ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் டெஸ்டோஸ்டிரோன் ஊசியின் அளவைக் கவனிக்க வேண்டும். பிறப்புறுப்பு மாற்று அறுவை செய்துகொண்ட திருநங்கைக்கும் புராஸ்டேட் உள்ளேயேதான் இருக்கிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எடுப்பவருக்கு பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை) இறங்கிக் காட்டும், ‘நார்மல்’ என்று நம்பி விட்டுவிடாதீர்கள். திருநங்கை ஒரு கால் மட்டும் வீங்கி வந்தால், ரத்தக் கட்டியாக இருக்கலாம்; ஈஸ்ட்ரோஜனுக்காக மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் கருத்தடை மாத்திரை ஏதாவது உண்டா என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், திட்டினால் மறைப்பார்கள்.

காய்ச்சலுக்கு வந்தவரின் உடையைக் களையச் சொல்ல வேண்டியதில்லை. ‘கேஸ் பாருங்க’ என்று ஹவுஸ் சர்ஜன்களைக் கூப்பிடுவதும் வேண்டாம்.

இந்தப் பயிற்சி டாக்டர்களுக்கு மட்டும் என்றால் வீண். சீட்டு எழுதுபவர், செக்யூரிட்டி, வார்டு ஆயா, ரத்தம் எடுப்பவர் எல்லாரும் உட்கார வேண்டும். “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று கேட்டு, ஆதார் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரையும் எழுதி, வராண்டாவில் அதைச் சொல்லியே கூப்பிடுங்கள். யாரைப் பார்த்தாலும் ‘வாங்கக்கா’, ‘சொல்லுங்கண்ணே’ என்கிற ஊர்தானே இது, அப்புறம் எங்கிருந்து வருகிறது ‘அது வந்திருக்கு’? வகுப்பெடுக்க வரும் திருநங்கைக்குப் பொன்னாடை போதாது, சம்பளம் கொடுங்கள்.

பாலினத்தையோ பாலீர்ப்பையோ ‘கவுன்சிலிங் கொடுத்து மாத்திடலாம்’ என்பவர்களுக்கு நேரம் ஒதுக்க விருப்பமில்லை. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தாயிற்று. ஊடுபால் (ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடற்கூறோடு பிறந்த) குழந்தைகளுக்கு அவசரப்பட்டு அறுவை செய்வதைத் தடுக்க ஆணை போடச் சொன்னது 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளைதான். அரசாணையும் அதே வருடம் வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு.

“கல்யாணம் ஆயிடுச்சா?” என்பது பாலுறவு பற்றிய கேள்வி ஆகாது. “உறவு ஆணோடயா, பொண்ணோடயா, ரெண்டு பேரோடயுமா?” என்று முகம் மாறாமல் கேட்டுப் பழகுங்கள். எச்.ஐ.வி. தொற்று பயம் என்று வந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். ‘திங்கட்கிழமை வாங்க’ என்று அனுப்பக் கூடாது. சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கக் கூடாது என்கிறது 2017 எச்.ஐ.வி. சட்டம்.

ஒன்றே ஒன்று, கெஞ்சியே கேட்கிறோம். பையன் உள்ளே சொன்னதை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். இருபது வருடமாக அந்தக் குடும்பத்துக்கே நீங்கள்தான் டாக்டர் என்றாலும்.