கோடரி விளிம்பில் பிளக்கும் குண்டு

குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவில் இன்றும் போட்டிகள் நடக்கின்றன. 1933-இல் தொடங்கிய, இந்தத் துப்பாக்கிக்காரர்களின் தேசியச் சங்கம், இண்டியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பெரிய போட்டிகளை நடத்துகிறது. காகித வட்டங்களைச் சுட்டுப் புள்ளி எண்ணுவது ஒரு பக்கம் நடக்கும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேருவதோ வேறு சூடுகளுக்கு: கோடரி விளிம்பில் குண்டை இரண்டாகப் பிளப்பது, மெழுகுவர்த்திச் சுடரை அணைப்பது, விளிம்பைக் காட்டி நிற்கும் விளையாட்டுச் சீட்டை அறுப்பது, மரக்கட்டையைச் சுட்டே முறிப்பது.

கோடரியில் பிளப்பது பார்ப்பதற்கு மாயம்தான். கணக்குப் போட்டால் அவ்வளவு மாயமில்லை. அரை அங்குலக் குழலுக்குப் போடும் ஈயக் குண்டின் குறுக்களவு 0.490 அங்குலம், அதாவது 12.4 மி.மீ. எடை 11.5 கிராம். குண்டுக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை எண்ணெயோ எச்சிலோ தடவிய பருத்தித் துணி அடைக்கும். குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள்வரிகளைப் பற்றிக் குண்டைச் சுழல வைப்பதும் அந்தத் துணிதான். 70 கிரெயின், அதாவது 4.5 கிராம் கருமருந்தில் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் கிளம்பும். கோடரி விளிம்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தால் என்ன, குண்டின் மையம் அதற்கு இடமோ வலமோ 6 மி.மீ.க்குள் வந்தாலே விளிம்பு குண்டைத் தொட்டுவிடும். ஆக, இலக்கு ஒரு கோடு இல்லை, 12 மி.மீ. அகலமுள்ள பட்டை. உயரமோ கோடரி வாயின் முழு உயரம்.

நின்றபடி சுடுபவரின் குண்டுகள் 25 கஜத்தில் 5 செ.மீ. வட்டத்துக்குள் விழுகின்றன என்று கொள்வோம். நல்ல கைதான். வட்டத்துக்குள் எங்கு விழவும் சம வாய்ப்பு என்றால், அந்தப் பட்டையில் விழ மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. அதே 12 மி.மீ. அகலத்தில் ஒரு வட்டப் பொட்டை வைத்தால் வாய்ப்பு பதினாறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். மேல்கீழ்ப் பிழையைக் கோடரி மன்னித்துவிடுகிறது. மன்னிக்காதது பக்கவாட்டுப் பிழையை. அதனால் விசையை நேர் பின்னால் இழுக்காமல் விரலால் ஓரமாகத் தள்ளுபவர்களை இந்தப் போட்டி உடனே காட்டிக்கொடுக்கும்.

அமைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இருபுறமும் வாயுள்ள கோடரியை எடுத்து, ஒரு வாயை மரக்கட்டையில் ஆழப் பதித்து, மறுவாய் சுடுபவரை நேராகப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். விளிம்பின் இருபக்கமும், சற்றுப் பின்னால், பறக்கவிட்டுச் சுடும் களிமண் தட்டுகள் (108 மி.மீ.) இரண்டு. பிளந்த துண்டுகள் கோடரியின் கன்னங்களில், அதாவது பக்கவாட்டு முகங்களில், வழுக்கி விலகிப் போய் இரண்டையும் உடைத்தால்தான் வெற்றி. கோடரி சிறிது திரும்பியிருந்தால் ஒரு கன்னம் முன்னால் தெரியும். குண்டு அதில் மோதிச் சிதறும், துண்டுகளெல்லாம் ஒரே பக்கம் போகும். குண்டு தூய ஈயமாக இருக்க வேண்டும். ஆண்டிமனி கலந்த கடின ஈயத்தில் பிளவு சீராக வராது. விளிம்பு சவரக்கத்தி போலக் கூராக இருக்கத் தேவையில்லை, ஈயம் அவ்வளவு மென்மை. குண்டின் ஓரத்தை மட்டும் விளிம்பு சீவினால் அந்தச் சீவலுக்குத் தட்டை உடைக்கும் பலம் இருக்காது. துண்டுகள் பக்கவாட்டில் பறப்பதால் பின்னால் மட்டுமின்றிப் பக்கங்களிலும் மண்மேடு வேண்டும். கண்ணாடி அணியாமல் யாரும் சுடும் கோட்டருகே நிற்கக்கூடாது.

எங்கே குறிவைப்பது? குழல் நுனியில் குறிபார்க்க நிற்கும் முன்குறி 2 மி.மீ. தடிமனோடு, கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 25 கஜத்தில் நாலரை செ.மீ. அகலத்தை மறைத்துவிடும். விளிம்பு கண்ணுக்கே தெரியாது. தெரியாத கோட்டைத் தேடிக் கண்ணை வருத்துவதைவிட, இரு தட்டுகளும் முன்குறிக்கு இருபுறமும் சமமாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பதே சரியான வழி.

சீட்டிலும் இதே கணக்குதான். 0.3 மி.மீ. சீட்டு, 12 மி.மீ. குண்டு. ஆனால் குண்டின் ஓரம் உரசினால் சீட்டு வளைந்து விலகிவிடும்; மையத்துக்கு அருகே பட்டால்தான் அறும்.

மெழுகுவர்த்தியில் நிலைமை வேறு. வர்த்தியைத் தொடாமல் சுடர் மட்டும் அணைய வேண்டும் என்பது இப்போதுள்ள வழக்கமான விதி. திரிக்கு மேலே குண்டின் பாதி அளவாவது, அதாவது 6 மி.மீ., இடம் விட்டாக வேண்டும். சுடரோ 3 செ.மீ. உயரம்தான். இங்கே மேல்கீழும் முக்கியமாகிறது. துப்பாக்கியை 50 கஜத்துக்குச் சரிசெய்திருந்தால் 25 கஜத்தில் குண்டு சுமார் 4 மி.மீ. மேலே போகும். அது நமக்குச் சாதகமே. குண்டுக்குப் பின்னால் சுழலும் காற்று, எரியும் மெழுகு ஆவியைத் திரியிலிருந்து பிய்த்துச் சிதறடிப்பதால் சுடர் அணைகிறது. காற்றடித்தால் சுடர் ஆடும். முன்னும் பின்னும் திறந்த மறைப்புக்குள் வர்த்தியை வையுங்கள்.

கென்டக்கிக்காரர்கள் இதைவிடக் கடினமாக ஆடினார்கள். பறவை ஓவியர் ஆடுபன் 1831-இல் எழுதியபடி, இரவில் 50 கஜத்தில் சுடர் அணையாமல் திரியின் நுனியை மட்டும் கத்தரிக்க வேண்டும். ஒருவர் ஏழுக்கு மூன்று முறை சாதித்தாராம்.

மரக்கட்டை முறிப்பது குழு விளையாட்டு. கடையில் ‘நாலுக்கு நாலு’ (அங்குலம்) என்று விற்கும் கட்டை உண்மையில் 89 மி.மீ. இருக்கும். 12.4-ஆல் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல். எட்டுக் குண்டுகள் பக்கம் பக்கமாக விழுந்தால் போதும் என்று காகிதம் சொல்லும். நடப்பில் அது போதாது. மர நார் குண்டு போனபின் மீண்டும் ஒட்டிக்கொள்வதால் துளை குண்டைவிடச் சிறிதாகிறது, அடுத்தடுத்த துளைகளுக்கு நடுவே மெல்லிய சுவர்களும் நின்றுவிடுகின்றன. குறுக்கே ஒரு கோடு வரைந்து, குழு முழுவதும் அந்தக் கோட்டிலேயே சுட வேண்டும். இரண்டு விரற்கடை மேலே விழுந்த குண்டு வீண்.

அடுத்தடுத்துக் கெட்டித்துச் சுட வேண்டியிருப்பதால் அவசரம் வரும் இடமும் இதுதான். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். ஈரத்துணியால் துடைக்காமல் தொடர்ந்து கெட்டித்தால் குண்டு பாதி வழியில் சிக்கும். மருந்துக்கும் குண்டுக்கும் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் புடைத்துக் கெடும். கெட்டிக்கும் கோலில் முழு ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டு வைத்தால் இது நடக்காது. மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டுவதற்குத் தடை: உள்ளே தணல் இருந்தால் கொம்பே கையில் வெடிக்கும். மருந்தே போடாமல் குண்டை மட்டும் கெட்டிப்பதும் நடக்கும். அப்போது மருந்தைப் பற்றவைக்கும் சிறு துளை வழியே சிறிது மருந்தை நுழைத்து, கோலால் குண்டை மறுபடி அடிவரை தள்ளிவிட்டு, துப்பாக்கியை மண்மேட்டை நோக்கிப் பிடித்துச் சுட்டால் குண்டு வெளியே வந்துவிடும்.