படுத்தால் குடையும் தோள்

எங்கள் தெருமுனைப் பரோட்டாக் கடை மாஸ்டருக்கு வலது தோளில் 3 மாதமாக வலி. சாயங்காலம் 6 மணிக்குக் கல்முன் நின்றால் 11 மணிவரை மாவு வீசுவார், கொத்துவார், முகத்தில் ஒன்றும் தெரியாது. "வேலையில தெரியலண்ணே. படுத்தாத்தேன் குடையுது" என்றார். மதுரையில் மூட்டை தூக்குகிறவர்களிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

இடுப்பு மூட்டு உரலுக்குள் இறங்கிய குழவி மாதிரி, ஆழமாக உட்கார்ந்திருக்கும். தோள் அப்படியல்ல. கரண்டியில் வைத்த எலுமிச்சம்பழம் போல, சிறிய குழியில் பெரிய உருண்டை. நழுவாமல் அதைப் பிடித்திருப்பவை முக்கியமாக 4 தசைகள். அவற்றில் சுப்ராஸ்பைனேட்டஸ் என்பதன் நாண் (தசையை எலும்போடு கட்டும் கயிறு), உருண்டைக்கும் மேலே கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள சந்து வழியாகப் போகிறது. சந்தின் உயரம் ஏறத்தாழ 1 செ.மீ. உரசாமல் இருக்க அங்கே ஒரு சின்ன நீர்ப்பையும் உண்டு. வருடக்கணக்கில் கையை ஓங்கி ஓங்கி வீசினால் நாணும் பையும் வீங்குகின்றன. ஏற்கெனவே குறுகலான சந்தில் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும்!

பகலில் தொங்கும் கையின் எடை, உருண்டையைச் சற்றுக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. படுத்ததும் அந்த இழுப்பு போய்விடுகிறது. வீக்கத்தை அடக்கும் கார்டிசால் சுரப்பும் நள்ளிரவை ஒட்டித்தான் மிகக் குறைவு. போதாததற்கு, கவனத்தைத் திருப்பக் கடைச் சத்தமும் இல்லை.

மாஸ்டர் படுப்பது மொட்டை மாடியில், கோரைப்பாயில். வலிக்கிற பக்கம் சாய்ந்தால் உடம்புப் பாரம் முழுக்க அந்தத் தோளில் இறங்கும். சிமெண்டுத் தரை இம்மியும் விட்டுக்கொடுக்காது. குப்புறப் படுத்துத் தலையணைக்கடியில் கையைக் கொடுப்பது அதைவிட மோசம் என்பேன். கை தலைக்குமேல் போனதும் சந்து இன்னும் நெருக்கும். நல்ல பக்கம் திரும்பினாலும், மேலே இருக்கும் கை நெஞ்சுக்குக் குறுக்கே சரிந்து தோளின் பின்புறத்தை இழுக்கும்.

விழித்தது காலையில் ஞாபகமே இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு குடைச்சலும் ஆழ்ந்த தூக்கத்தைக் கலைக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி கூடுதலாக உறைக்கும். கூடுதலாக வலித்தால் தூக்கம் இன்னும் கெடும்.

மல்லாந்து படுக்கச் சொன்னேன். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: முழங்கை தரையில் கிடந்தால் தோள் பின்னால் சரியும். துண்டை நான்காக மடித்து முழங்கைக்கும் மேற்கைக்கும் அடியில் வைத்து, உள்ளங்கையை வயிற்றின்மேல் போட்டால் நாண் தளரும்.

சர்க்கரையும் பார்க்கச் சொன்னேன். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம், முக்கியமாக 40 முதல் 60 வயதுக்குள். விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாவிட்டால் தலையணை வைத்தியம் உதவாது. டாக்டரிடம்தான் போக வேண்டும். தோளோடு நெஞ்சும் அடைத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்து வந்தார். குடைச்சல் குறைந்திருக்கிறதாம், வீட்டில்தான் சண்டையாம். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழி குறுகும், குறட்டை கூடும். அதை நான் சொல்ல மறந்திருந்தேன். இப்போது நல்ல பக்கமாகச் சாய்ந்து, போடி இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வலிக்கிற கையை அதன்மேல் போட்டுத் தூங்குகிறார். தலைக்கு வைத்தது பழசாகித் தட்டையாகிவிட்டதால் அதற்கும் புதுசு வாங்கச் சொல்லியிருக்கிறேன். காதுக்கும் தோள்நுனிக்கும் இடையே உள்ள உயரத்தை அது நிரப்ப வேண்டும்.