திரைச்சீலை விலைப்புள்ளியை எப்படிப் படிப்பது?

வீட்டு அலங்காரத்துக்குத் துணி தேர்ந்தெடுக்க வருவோர் பலரும் மீட்டர் விலையில் பேரம் பேசிவிட்டு, அதே தாளில் இருக்கும் பன்னா, ஃபுல்னஸ், ரிப்பீட் ஆகியவற்றைப் பார்க்காமலே கையெழுத்திட்டுவிடுகிறார்கள். மொத்தச் செலவு ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் அவற்றால்தான்.

6 அடி அகலச் சன்னலுக்கு 7 அடி உயரத் திரை என்று வைத்துக்கொள்வோம். மடிப்புகள் நன்றாக விழ வேண்டுமானால், திரைத் துணியின் மொத்த அகலம் சன்னல் அகலத்தைப்போல் இரு மடங்காவது, அதாவது 144 அங்குலம், இருக்க வேண்டும். ஃபுல்னஸ் என்பது இதுதான். துணிச் சுருளின் அகலமாகிய பன்னா 54 அங்குலம் என்றால் மூன்று துண்டுகள் தேவை. மேலும் கீழும் மடித்துத் தைக்க ஓர் அடி சேர்த்து, துண்டுக்கு 96 அங்குலம் வீதம் ஏறத்தாழ 7.3 மீட்டர் ஆகும். அதே துணியில் 28 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் (இந்த இடைவெளிதான் ரிப்பீட்) பெரிய பூ டிசைன் இருந்தால், அடுத்தடுத்த துண்டுகளில் பூக்கள் ஒரே மட்டத்தில் பொருந்துவதற்காக ஒவ்வொன்றையும் 112 அங்குலமாக வெட்ட நேரிடும், அளவு 8.5 மீட்டரைத் தாண்டிவிடும். இதில் கடைக்காரரின் சூது ஏதும் இல்லை. இரண்டே துண்டுகளைக் கணக்கிட்டுத் தொகையைக் குறைத்துக் காட்டுகிறாரே, அவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். அந்தத் திரையை இழுத்து மூடினால் மடிப்புகள் போதாமல் விறைப்பாகத் தொங்கும். 110 அங்குலப் பெரிய பன்னாவில் கிடைக்கும் துணியை, பன்னாவே திரையின் உயரமாக வரும்படி குறுக்குவாட்டில் வைத்துத் தைத்தால், இணைப்பே இல்லாமல் சுமார் 4 மீட்டரில் வேலை முடியும்.

மேற்கு பார்த்த படுக்கையறைக்கு டிம்அவுட் துணியைக் கொடுத்துவிட்டு அதையே, வெளிச்சத்தை முழுதாக மறைக்கும் பிளாக்அவுட் என்பவர்களும் உண்டு. முன்னது நடுவே கறுப்பு நூல் கோத்து நெய்யப்படுவது; வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சாம்பிளுக்குப் பின்னால் கைபேசி டார்ச்சைப் பிடித்தால் உண்மை தெரிந்துவிடும். பின்புறம் பூச்சுள்ள அசல் பிளாக்அவுட்டில்கூட ஊசி இறங்கிய துளைகளில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அது குறையன்று.

சோபாத் துணிக்கான மார்ட்டின்டேல் எண் தேய்மானத்தை அளப்பது. தொங்கும் துணிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. வெயில்படும் சன்னலுக்கு, சாயம் வெளுக்காத தன்மையை 1 முதல் 8 வரை குறிக்கும் புளூ வுல் எண்ணைக் கேளுங்கள். 5-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. பருத்தியானால், நனைத்து உலர்த்திய பிறகே வெட்டச் சொல்லுங்கள். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே 7 அடித் திரை இரண்டரை அங்குலம் மேலேறிவிடும்.